சிம்னி ஒழுகுகிறதா? முதலில் கறையைக் கவனியுங்கள்

எங்கள் வீட்டு மாடிப் படுக்கையறையில், பழைய கணப்பு இருந்த சுவரில், சீலிங்கை ஒட்டிய மூலையில் ஒரு பழுப்புக் கறை இருந்தது. உள்ளங்கை அகலம்தான். ஓரத்தில் மட்டும் டீ சிந்திக் காய்ந்தது போல அடர்ந்த கோடு. இரண்டு முறை பெயின்ட் அடித்தோம். இரண்டு முறையும் அதே இடத்தில், அதே வடிவத்தில் திரும்ப வந்தது. கூரை வேலை செய்யும் ஒருவரைக் கூப்பிட்டோம். மேலே ஏறிப் பத்து நிமிடம் இருந்தார், சிம்னியைச் சுற்றிக் கறுப்புப் பசையை அப்பினார், காசு வாங்கிக்கொண்டு போய்விட்டார். அடுத்த நவம்பரில் கறை இரண்டு உள்ளங்கை அகலமாகிவிட்டது.

அதற்கப்புறம்தான் இந்தச் சிம்னி என்பது என்ன, எப்படி வேலை செய்கிறது என்று உட்கார்ந்து கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். இங்கே லண்டனில், ஈஸ்ட் ஹாமில் வரிசையாக ஒட்டிக் கட்டிய டெரஸ் வீடு வாங்கினாலும் சரி, ஹாரோ பக்கம் 1930களில் இரண்டிரண்டாக ஒட்டிக் கட்டிய செமி வீடு வாங்கினாலும் சரி, கூரைமேல் ஒரு செங்கல் சிம்னி நிற்க நிறைய வாய்ப்பு உண்டு. நம் ஊரில் வளர்ந்தவர்களுக்கு மொட்டைமாடி ஒழுகினால் என்ன செய்வது என்று ஓரளவு தெரியும். சிம்னி ஒழுகினால் எங்கே பார்ப்பது, யாரிடம் என்ன கேட்பது என்று தெரியாது. அந்த இடத்தில்தான் பணமும் போகிறது, சுவரும் போகிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிம்னி ஒழுகல் என்று ஒரே கோளாறு கிடையாது. காய்ச்சல் மாதிரிதான். சளியிலும் காய்ச்சல் வரும், டெங்குவிலும் காய்ச்சல் வரும், இரண்டுக்கும் மருந்து வேறு. சிம்னியில் ஐந்தாறு வெவ்வேறு கோளாறுகள், வீட்டுக்குள் ஒரே மாதிரிப் பழுப்புக் கறையாகத் தெரிகின்றன. எது என்று தெரியாமல் பசை அப்புவது, எந்தக் காய்ச்சல் என்று பார்க்காமல் மாத்திரை போடுவதற்குச் சமம்.

சிம்னிக்குள் என்ன இருக்கிறது

கீழிருந்து மேலே போவோம். அறைக்குள் சுவரில் ஒரு பகுதி மட்டும் அலமாரி அகலத்துக்கு முன்னால் துருத்திக்கொண்டிருக்கும். அதற்கு சிம்னி பிரெஸ்ட் என்று பெயர். அதன் உள்ளே புகை மேலே போக ஒரு குழாய் போன்ற வழி இருக்கிறது, அது ஃப்ளூ. ஒவ்வொரு கணப்புக்கும் தனி ஃப்ளூ. கீழறையில் ஒன்று, மாடியறையில் ஒன்று என்றால் இரண்டு ஃப்ளூக்கள் பக்கத்தில் பக்கத்தில் ஏறும். கூரைக்கு மேலே தெரியும் செங்கல் தூணை ஸ்டாக் என்பார்கள். உச்சியில் பூந்தொட்டியைப் போல மண் குழாய்கள், அவை சிம்னி பாட். சாலையில் நின்று பாட்டுகளை எண்ணினாலே உள்ளே எத்தனை ஃப்ளூ என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். அந்தப் பாட்டுகளைப் பிடித்து நிறுத்த, உச்சியில் சாந்தைச் சரிவாகப் பூசியிருப்பார்கள், மழைநீர் வெளிப்பக்கம் வழிந்து போவதற்கு. அது ஃப்ளாஞ்சிங்.

ஸ்டாக் கூரையைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிற இடம்தான் மிகவும் நுட்பமானது. ஓடுகளுக்கும் செங்கலுக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஈயத்தகடு மூடுகிறது. இதைத்தான் பிளாஷிங் என்கிறார்கள். இது ஒரே தகடு இல்லை. ஸ்டாக்கின் தாழ்ந்த பக்கத்தில் ஒரு முன்தகடு, ஓடுகளின் மேல் விரிந்து படுத்திருக்கும். இரண்டு பக்கவாட்டிலும் படிக்கட்டு போல வெட்டிய தகடுகள், செங்கல் வரிக்கு ஒரு படியாக ஏறும். அந்தப் படித் தகடுகளின் அடியில், ஓட்டுக்கு ஒன்றாகச் சிறு துண்டுத் தகடுகள் செருகியிருக்கும். ஸ்டாக்கின் உயர்ந்த பக்கத்தில், கூரையில் மேலிருந்து வரும் தண்ணீர் சிம்னியின் முதுகில் மோதும் இடத்தில், ஈயத்தாலான ஒரு சிறு வாய்க்கால். அதைப் பின்வாய்க்கால் என்று வைத்துக்கொள்வோம். முகட்டிலேயே நிற்கும் சிம்னிக்கு இந்த வாய்க்கால் இருக்காது. எங்கள் வீட்டில் சிம்னி முகட்டுக்குச் சற்றுக் கீழே, பின்சரிவில் நிற்கிறது.

செங்கலைத் தொடும் தகடுகளின் மேல்விளிம்பை, செங்கல் வரிகளுக்கு இடையிலுள்ள சாந்தைச் சுமார் 25 மி.மீ. ஆழத்துக்குச் சுரண்டி, அதற்குள் மடித்துச் செருகுவார்கள். ஈயத்தையே சின்ன ஆப்பாகச் சுருட்டி அடித்து இறுக்கி, அப்புறம் மேலே அடைப்பார்கள். இதில் எங்கேயும் பசைக்கு வேலையில்லை என்பதைக் கவனியுங்கள். மேலே இருப்பது கீழே இருப்பதன்மேல் படிந்து கிடக்கிறது, மீன் செதிளைப் போல. தண்ணீர் ஒன்றின்மேல் இறங்கி அடுத்ததன்மேல் வழிந்து ஓட்டுக்குப் போய்விடும். சிம்னியைச் சுற்றி எந்த வேலையைப் பார்த்தாலும் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: மேலிருந்து வரும் தண்ணீர் இந்த விளிம்பின் மேலே போகிறதா, அடியில் போகிறதா? அடியில் போக வழியிருந்தால் எத்தனை டியூப் பசை அடித்தாலும் சில குளிர்காலங்களுக்குமேல் தாங்காது.

நெருப்பு அணைந்ததும் வந்த சிக்கல்

இந்த வீடுகளைக் கட்டியபோது சிம்னி தினமும் சூடாக இருந்தது. குளிர்காலம் முழுக்க நிலக்கரி எரியும். மழையில் நனைந்த செங்கலை உள்ளிருந்து வரும் சூடு காயவைத்துவிடும். 1952 டிசம்பரில் ஐந்து நாள் லண்டனை மூடிய புகைமூட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். 1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. பிறகு எரிவாயுவில் ஓடும் சென்ட்ரல் ஹீட்டிங் வீடுதோறும் வந்தது. கணப்புகளைப் பலகை வைத்தும் செங்கல் வைத்தும் மூடினார்கள். சிலர் மேலே பாட்டின் வாயையும் சேர்த்து மூடிவிட்டார்கள்.

அதனால் இன்றைக்கு நம் தலைக்கு மேலே நிற்பது, நான்கு பக்கமும் மழை வாங்குகிற, உள்ளே கதகதப்பே இல்லாத ஒரு செங்கல் தூண். வீட்டில் வேறெந்தச் சுவரும் இவ்வளவு நனைவதில்லை. புதிய கட்டடங்களில் ஸ்டாக்கின் குறுக்கே ஒரு தகட்டுத் தட்டை வைத்துக் கட்டி, செங்கலுக்குள் ஊறி இறங்கும் நீரை வெளியே திருப்பிவிடுவார்கள். பழைய வீடுகளில் பெரும்பாலும் அது கிடையாது. அதன் வேலையை நெருப்பு செய்துகொண்டிருந்தது. பழைய வீட்டுச் சிம்னிகளின் பாதித் தொல்லைக்கு இதுதான் வேர் என்பது என் கருத்து.

கறை எப்போது நனைகிறது?

எங்கே கறை இருக்கிறது என்பதைவிட, எப்போது நனைகிறது என்பதுதான் அதிகம் சொல்லும். தண்ணீர் கைமரத்தின் வழியே பல அடி தூரம் ஓடி வேறெங்கோ சொட்டும். ஃப்ளூக்கள் நேராக ஏறுவதில்லை, வளைந்து ஏறும். உள்ளே விழுந்த தண்ணீர் அந்த வளைவில் தங்கி ஊறி, சுவரின் நடுவில் கறையாகத் தெரியும். அதனால் கறைக்கு நேர்மேலே ஓட்டை என்று நினைத்துத் தேடினால் ஏமாந்து போவோம்.

செய்ய வேண்டியது சுலபம். பென்சிலால் கறையின் ஓரத்தைச் சுற்றி மெல்லிய கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். ஒரு நோட்டில் மழை, காற்று எந்தப் பக்கமிருந்து, கறை தொட்டால் ஈரமா காய்ந்திருக்கிறதா என்று குறித்துவாருங்கள். ஆறு வாரம் குறித்தாலே ஒரு ஒழுங்கு தெரிய ஆரம்பிக்கும். எங்கள் வீட்டில் அப்படித்தான் தெரிந்தது. எந்தப் பக்கக் காற்றாக இருந்தாலும் சரி, கனமழை பெய்த இரவுக்கு மறுநாள் காலை கறை ஈரமாக இருந்தது. சிறு தூறல் நாள்களில் ஒன்றும் இல்லை.

மழை பெய்த சில மணி நேரத்துக்குள் நனைந்தால், தண்ணீருக்குத் திறந்த வழி ஒன்று இருக்கிறது என்று பொருள். பிளாஷிங், பின்வாய்க்கால், உடைந்த ஓடு ஆகியவற்றைச் சந்தேகப்படுங்கள். தென்மேற்குக் காற்றோடு அடிக்கும் மழையில் மட்டும் நனைந்தால் அந்தப் பக்கத் தகடு. இங்கே மழைக்காற்று பெரும்பாலும் அந்தத் திசையிலிருந்துதான் வரும். மாறாக, நாலைந்து நாள் விடாமல் பெய்து, அதற்கும் ஒன்றிரண்டு நாள் கழித்து மெல்ல ஓதம் படர்ந்தால், தண்ணீர் செங்கலுக்குள்ளும் சாந்துக்குள்ளும் ஊறி இறங்குகிறது. ஃப்ளாஞ்சிங்கும், பாயின்டிங் எனப்படும் செங்கல் இடுக்குச் சாந்துப் பூச்சும் அங்கே குற்றவாளிகள்.

மழையே இல்லாத குளிர்நாளில் நனைகிறதா? அப்படியானால் உள்ளேயே வியர்க்கிறது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர் பாட்டில் மேல் வியர்ப்பதைப் போலத்தான். சமையல், குளியல், துணி உலர்த்தல் எல்லாவற்றிலிருந்தும் வரும் ஈரக்காற்று குளிர்ந்த ஃப்ளூவுக்குள் புகுந்து, வெளியேற வழியில்லாமல் சுவரில் நீராகப் படிகிறது. இன்னொரு வகையும் உண்டு. புழுக்கமான நாளில் மட்டும் கறை மினுமினுக்கும், காற்று உலர்ந்ததும் மங்கிவிடும், ஆனால் அளவு மாறவே மாறாது. அது பல பத்தாண்டுகள் எரிந்த நிலக்கரிப் புகை செங்கலில் விட்டுப்போன உப்பு. மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவது போல, அந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. கூரை முழுக்கப் புதிதாகப் போட்டாலும் இந்தக் கறை போகாது.

வெயிலோ மழையோ, எப்போதும் ஈரம் என்றால் சிம்னியை விட்டுவிட்டு லாஃப்டில், அதாவது சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவே உள்ள இடத்தில், ஓடும் தண்ணீர்க் குழாயையும் தொட்டியையும் பாருங்கள்.

வியர்வையா, உள்ளிருந்து வரும் ஈரமா என்று குழப்பமாக இருந்தால் சமையலறையிலிருந்து அலுமினியத் தாள் ஒரு துண்டு எடுத்து, கறையின் மேல் நான்கு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் வெளிப்பக்கம் நீர் பூத்திருந்தால் அறைக்காற்றின் ஈரம். தாளைப் பிரித்ததும் சுவர்ப்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது.

பக்கத்து வீட்டுக் கறை

நோட்டில் குறிக்க ஆரம்பித்த சமயம்தான் பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்கத் தோன்றியது. செமி வீடுகளில் பல இடங்களில் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரே ஸ்டாக்தான். பாதி நமது, பாதி அவர்களுடையது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அந்த வீட்டில் முப்பது வருடமாக இருக்கிறார்கள்.

“எங்கட பக்கமும் ஒரு கறை கிடக்குது தம்பி,” என்றார். “நாங்கள் பெயின்ட் அடிச்சு அடிச்சு மறைச்சுப்போட்டம். மேல வந்து பாருங்கோ.”

போய்ப் பார்த்தேன். அதே சுவரின் மறுபக்கம், ஏறக்குறைய அதே உயரம், அதே பழுப்பு. ஒரே ஓட்டைதான் இரண்டு பக்கமும் ஒழுகுகிறது என்று அப்போது உறுதியாக நம்பினேன். “எப்ப அக்கா ஈரமா இருக்கும்?” என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் அந்த நம்பிக்கையைக் கலைத்தது. “மழைக்கெண்டு இல்லைத் தம்பி. நல்ல குளிருக்குத்தான். ஹீட்டர் போட்டு, வீட்டுக்குள்ள உடுப்புக் காயப்போட்டால் இன்னும் கூடும்.”

ஒரே ஸ்டாக், ஒரே சுவர், இரண்டு கறை. அவர்களுடையது மழைக்கறையே இல்லை. பழைய கணப்பைப் பலகை வைத்து அடைத்திருந்தார்கள், ஆனால் பலகை ஓரமெல்லாம் இடைவெளி. மேலே பாட்டின் வாயைச் சிமென்ட்டால் மூடியிருந்தது. ஈரக்காற்று உள்ளே போகும், மேலே வெளியேற வழி இல்லை.

லாஃப்டுக்குள்ளும் கூரை மேலும்

அடுத்த வேலை டார்ச்சோடு லாஃப்டுக்குள் போவது. குறுக்கு மரச்சட்டங்களின் மேல் மட்டும் கால் வையுங்கள். நடுவில் உள்ள சீலிங் பலகை ஆள் எடையைத் தாங்காது. முடிந்தால் மழை பெய்துகொண்டிருக்கும்போதே போங்கள். டார்ச்சை நேராக அடிக்காமல் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் நீர் ஓடிய தடம் நன்றாகத் தெரியும். சிம்னியைச் சுற்றி எங்காவது வெளிச்சம் தெரிகிறதா, கைமரத்தில் கறுத்த கோடு ஓடுகிறதா, செங்கலில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். மரத்தை விரலால் அழுத்திப் பாருங்கள்.

எங்கள் லாஃப்டில் சிம்னியின் முதுகுப்பக்கம் குறுக்கே போகும் மரம் கறுத்திருந்தது. கட்டைவிரலால் அழுத்தினால் ஈரக் கேக் மாதிரி உள்வாங்கியது. அங்கிருந்து ஒரு கறுப்புக் கோடு மரத்தின் அடிப்பக்கமாகவே நகர்ந்து, ஸ்டாக்கின் ஓரம் வழியாக இறங்கி, கறை இருக்கும் மூலைக்கு மேலே முடிந்தது. ஓட்டைக்கும் கறைக்கும் நடுவே ஒரு மீட்டருக்கு மேல் தூரம்.

வெளியே பார்க்கக் கூரை ஏற வேண்டியதில்லை. எதிர்ப்புறத்து நடைபாதையில் நின்று பைனாகுலரில் பாருங்கள். ஃபோன் கேமராவை ஜூம் செய்தாலும் நிறையத் தெரியும். பாட் சாய்ந்திருக்கிறதா, ஃப்ளாஞ்சிங் விரிசல் விட்டிருக்கிறதா, செங்கலின் முகம் உதிர்ந்திருக்கிறதா, தகடு சாந்திலிருந்து கழன்று தொங்குகிறதா, ஸ்டாக்கில் செடி முளைத்திருக்கிறதா. ஸ்டாக்கே ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் தாமதிக்காதீர்கள். புகையின் கந்தகம் ஈரத்தோடு சேர்ந்து சாந்தைத் தாக்கி உப்பவைக்கும். ஒரு பக்கம் கூடுதலாக உப்பினால் தூண் வளையும். அதைப் பார்க்கக் கட்டமைப்புப் பொறியாளர் வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் புரியவில்லை என்றால் தண்ணீர் பாய்ச்சிப் பார்க்கலாம். உலர்ந்த நாளில், சாரத்திலோ பாதுகாப்பான இடத்திலோ நின்று ஒருவர் ஹோஸ் பிடிக்க வேண்டும், இன்னொருவர் லாஃப்டில் டார்ச்சோடு இருக்க வேண்டும். கீழிருந்து மேலே போவதுதான் முக்கியம். முதலில் ஸ்டாக்குக்குக் கீழே உள்ள ஓடு, பத்துப் பதினைந்து நிமிடம். ஒன்றும் இல்லை என்றால் முன்தகடு. பிறகு ஒரு பக்கம், மறுபக்கம், பின்வாய்க்கால், கடைசியில் செங்கலும் உச்சியும். உச்சியில் ஆரம்பித்தால் எல்லாம் ஒரே நேரத்தில் நனைந்து, எது ஒழுகியது என்றே சொல்ல முடியாமல் போகும்.

சரி செய்வது

எங்கள் வீட்டில் சாரம் கட்டி ஏறியதும் பின்வாய்க்கால்தான் காரணம் என்று தெரிந்தது. வாய்க்கால் முழுக்கப் பாசியும் இலையும் மண்ணும். அதை வழித்தெடுத்த பிறகு, முன்பு வந்தவர் அப்பிய கறுப்புப் பசை. பசையைச் சுரண்டியதும், ஈயத்தின் குறுக்கே மயிரிழைபோல ஒரு விரிசல். பசைக்கு அடியிலேயே ஈரம் தேங்கியிருந்தது. மேலிருந்து பார்த்தால் அடைத்தது போல இருந்தது, தண்ணீர் பாசியில் தேங்கி உயர்ந்து விரிசலைத் தேடிப் போயிருக்கிறது.

ஈயம் ஏன் விரிகிறது? வெயிலில் நீளும், இரவில் சுருங்கும். நீளமான ஒரே துண்டைப் போட்டு இரண்டு பக்கமும் இறுக்கிவிட்டால் நகர இடமில்லாமல் வருடக்கணக்கில் இழுபட்டுக் கிழியும். அதனால்தான் பிளாஷிங்கில் ஒரு துண்டு 1.5 மீட்டருக்குமேல் போகக் கூடாது, அடுத்த துண்டு அதன்மேல் குறைந்தது 100 மி.மீ. படிய வேண்டும் என்பது நல்ல வேலைக்காரர்களின் விதி. தகட்டின் தடிமனுக்கு இங்கே கோட் என்று எண் சொல்வார்கள். ஒரு சதுர அடி ஈயம் எத்தனை பவுண்டு எடையோ அதுதான் அந்த எண். சுற்றுத் தகடுகளுக்குப் பொதுவாக கோட் 4, அதாவது சுமார் 1.8 மி.மீ. தடிமன். பின்வாய்க்காலுக்கு கோட் 5. வேலை கேட்டு வருபவரிடம் “எந்தக் கோட் ஈயம், எத்தனை துண்டாகப் போடுவீர்கள், செங்கலுக்குள் எவ்வளவு ஆழம் செருகுவீர்கள்?” என்று மூன்று கேள்வி கேளுங்கள். தெரிந்தவர் சந்தோஷமாகப் பதில் சொல்வார். வேலைக்கு முன்னும் பின்னும் படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். மேலே நடப்பதை நாம் பார்க்க வேறு வழியில்லை. ஒட்டும் டேப்பும் பசையும் புயலடித்த இரவுக்கு உதவும். அதற்குமேல் அவற்றை நம்பாதீர்கள்.

பக்கத் தகடு கழன்றிருப்பது மட்டும்தான் பிரச்சினை என்றால் புது ஈயம் தேவையில்லை. பழைய சாந்தைச் சுத்தம் செய்து, தகட்டைத் திரும்பச் செருகி, ஈய ஆப்பு அடித்து, ஈயத்துக்கென்றே உள்ள சீலன்ட்டால் அடைத்தால் போதும். ஃப்ளாஞ்சிங் விரிசல் விட்டிருந்தால் முழுவதும் எடுத்துப் புதிதாகப் பூசுவதே நல்லது. மேலே மெல்லிய பூச்சுக் கொடுத்தால் அடுத்த உறைபனியில் உரிந்து வரும்.

பாயின்டிங் விஷயத்தில் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள் என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். விக்டோரியா காலத்து வீடுகளைச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டினார்கள், நம் ஊர்ப் பழைய வீடுகளைப் போலவே. சுண்ணாம்பு மென்மையானது. மழையில் கொஞ்சம் நனையும், காற்றில் காய்ந்துவிடும். செங்கலில் உள்ள ஈரமும் அந்தச் சாந்து வழியாகவே வெளியேறும். அதன்மேல் கெட்டியான சிமென்ட்டை வைத்துப் பூசினால் ஈரம் வெளியேறும் வழி அடைபடும். சிமென்ட்டுக்கும் செங்கலுக்கும் நடுவே விடும் மெல்லிய விரிசலில் மழை உள்ளே போகும், திரும்ப வராது. தண்ணீர் உறையும்போது கிட்டத்தட்ட 9 சதவீதம் பெருக்கும். செங்கலுக்குள் அது நடந்தால் செங்கலின் முகம் தட்டுத்தட்டாக உரியும். பழைய சிம்னியில் சிமென்ட் கோடு மட்டும் துருத்திக்கொண்டு நடுவில் செங்கல் குழிந்திருப்பதைப் பார்த்தால், இதுதான் நடந்திருக்கிறது. நீரிலும் இறுகும் வகைச் சுண்ணாம்பு பையில் விற்கிறார்கள், என்.எச்.எல். 3.5 என்று பெயர் போட்டிருக்கும். அதைக் கேளுங்கள். வெப்பநிலை 5 டிகிரிக்குக் கீழே போகும் நாள்களில் சுண்ணாம்பு வேலை செய்யக் கூடாது, எனவே கோடையில் திட்டமிடுங்கள். செங்கலில் நீர் ஊறாமல் இருக்கத் தடவும் திரவங்கள் உண்டு. ஈரத்தை ஆவியாக வெளியே விடும் வகையை மட்டும், எல்லாப் பழுதும் பார்த்த பிறகு தடவலாம். ஈரமான செங்கலில் தடவினால் ஈரத்தை உள்ளேயே வைத்துப் பூட்டியதாகிவிடும்.

அக்கா வீட்டுப் பக்கம் வேலை சின்னது. சாரம் ஏற்கெனவே நின்றதால் செலவையும் பங்கு போட்டுக்கொண்டோம். பாட்டின் வாயிலிருந்த சிமென்ட்டை உடைத்தெடுத்து, மழையைத் தடுத்துக் காற்றை விடும் மூடி ஒன்று வைத்தார்கள். கீழே கணப்பு இருந்த இடத்தில் துளையுள்ள வென்ட். மேலும் கீழும் இரண்டிலும் திறப்பு வேண்டும், ஒன்று மட்டும் இருந்தால் காற்று நகராது. பாட் திறந்தே கிடந்தாலும் தொல்லைதான். மழை நேராக உள்ளே விழுந்து, புகைக்கரியோடு குழைந்து, வளைவில் தங்கும். முன்பு நெருப்பு அதைக் காயவைத்தது, இப்போது காயவைக்க யாரும் இல்லை.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை, தயவுசெய்து விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எந்த ஃப்ளூவிலாவது பாய்லரோ, கேஸ் ஃபயரோ, விறகு அடுப்போ இணைந்திருக்கிறதா என்று உறுதியாகத் தெரியாமல் எதையும் மூடக் கூடாது. பொது ஸ்டாக்கில் பக்கத்து வீட்டு ஃப்ளூவை நம்முடையது என்று நினைத்து மூடிவிட்டால் கார்பன் மோனாக்சைடு அவர்கள் அறைக்குள் வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கேஸ் சம்பந்தப்பட்டது என்றால், கேஸ் வேலை செய்பவர்களுக்கான கேஸ் சேஃப் பதிவேட்டில் பதிவு பெற்றவரைத்தான் கூப்பிட வேண்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வீட்டில் இருக்கட்டும். வசந்தகாலத்தில் பாட்டுக்குள் பறவை கூடு கட்டியிருந்தால் குஞ்சுகள் பறந்துபோகும்வரை காத்திருங்கள். பயன்பாட்டிலுள்ள கூட்டைக் கலைப்பது 1981-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

விறகு அடுப்பு எரிப்பவர்கள் வீட்டில் கறை தாராகக் கறுத்துப் பிசுபிசுத்தால், அது மழையே இல்லாமல் இருக்கலாம். ஈர விறகின் புகை குளிர்ந்த ஃப்ளூவில் படிந்து வழிகிறது. ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழுள்ள விறகும், ஃப்ளூவுக்குள் லைனர் எனப்படும் எஃகு உள்குழாயும் தீர்வு. அந்தப் படிவு தீப்பிடிக்கும், ஆகவே சிம்னி சுத்தம் செய்பவரை உடனே அழையுங்கள்.

உப்புக் கறைக்கு மேலே ஏறி எந்த வேலையும் செய்ய வேண்டாம். அந்த இடத்துப் பழைய பூச்சை உடைத்தெடுத்து, செங்கலின் மேல் ஓதம் தடுக்கும் சவ்வு அறைந்து, அதன்மேல் புதிதாகப் பூச வேண்டும். பழைய பூச்சின் மேலேயே பெயின்ட் அடித்தால் உப்பு பெயின்ட்டையும் தாண்டி வரும். சிம்னியே வேண்டாம், இடித்துவிடலாம் என்று சிலர் நினைப்பார்கள். பொது ஸ்டாக் என்றால் பக்கத்து வீட்டார் சம்மதமும் 1996-ஆம் ஆண்டுப் பொதுச்சுவர்ச் சட்டப்படி அறிவிப்பும் தேவைப்படும். அறைக்குள் உள்ள பகுதியை எடுத்தால் மேலே மிச்சமிருக்கும் செங்கல் எடையைத் தாங்க உத்தரம் வேண்டும். வீட்டுக் காப்பீடு புயல் சேதத்துக்குப் பொதுவாகத் தரும், வருடக்கணக்கில் தேய்ந்ததற்குத் தராது.

பழுது பார்த்த மறுநாளே பூச்சு வேலைக்கு ஆள் கூப்பிடாதீர்கள். நனைந்த செங்கல் சுவர் காய, 25 மி.மீ. தடிமனுக்கு ஒரு மாதம் என்று கணக்கு வைப்பார்கள். ஒன்பது அங்குலச் சுவர் என்றால் ஒன்பது மாதம். அதுவரை ஜன்னலைத் திறந்து வையுங்கள், சுவரை ஒட்டி அலமாரி போடாதீர்கள், பென்சில் கோட்டைத் தொடராமல் விடாதீர்கள். எங்கள் சுவரில் இப்போது ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு கோடுகள் இருக்கின்றன. வெளியே இருப்பதில் நவம்பர் என்று எழுதியிருக்கிறது, உள்ளே உள்ளதில் மே. நேற்று அக்கா மதிலோரமாகக் கூப்பிட்டு, அவர்கள் சுவரில் கோடு போடப் பென்சில் போதுமா, மார்க்கர் வேண்டுமா என்று கேட்டார். மார்க்கர் பெயின்ட்டுக்கு மேலே ஊறி வரும், பென்சிலே போடுங்கள் அக்கா என்றேன்.